நாற்பதுக்கு மேல் முன்தோலில் புண்ணும் இறுக்கமும்: க்ரீம் போட்டால் போய், மறுபடி வருவது ஏன்?

உங்களுக்கு வயது 46. எட்டு மாதமாக ஆண்குறி முன்தோலின் நுனி சிவந்து, அரித்து, கீறல் விழுகிறது. மெடிக்கல் ஷாப்பில் கொடுத்த ஆயின்மென்ட் போட்டால் நாலைந்து நாளில் அடங்குகிறது, ஒரு மாதத்தில் திரும்ப வருகிறது. இப்போது தோலைப் பின்னால் தள்ளவே வலிக்கிறது. "இது பால்வினை நோயா? சுன்னத் செய்தே ஆக வேண்டுமா?" என்று இரண்டு கேள்வி கேட்டிருக்கிறீர்கள். நான் படித்த வரையில் உங்கள் மனதில் இருப்பது ஒரே கேள்விதான்: இத்தனை வருடம் ஒரு தொந்தரவும் தராத தோல் இந்த வயதில் ஏன் இப்படிப் படுத்துகிறது? அதற்கு விடை கிடைத்தால் மற்ற இரண்டுக்கும் தானாகக் கிடைத்துவிடும். தோல், பால்வினை நோய்ப் பிரிவில் பல வருடமாக வேலை செய்பவன் என்ற முறையில் எழுதுகிறேன். நேரில் பார்க்காமல் உங்களுக்கு இன்னதுதான் என்று யாராலும் சொல்ல முடியாது, நானும் சொல்லப்போவதில்லை. ஆனால் எதை முதலில் பார்க்க வேண்டும், எதை அறவே செய்யக்கூடாது என்பதைத் தயங்காமல் சொல்ல முடியும்.

முதல் வேலை, ரத்தத்தில் சர்க்கரை பாருங்கள். "எனக்குச் சர்க்கரை கிடையாது" என்று எழுதியிருக்கிறீர்கள். கடைசியாக எப்போது பார்த்தீர்கள் என்று எழுதவில்லை. நாற்பது தாண்டிய ஒருவருக்கு முன்தோல் புதிதாகப் புண்ணாகி இறுக ஆரம்பித்தால், டெஸ்ட் ரிப்போர்ட் கையில் வரும்வரை நாங்கள் சர்க்கரையைத்தான் சந்தேகிப்போம். தாகம், களைப்பு, எடை குறைவது எதுவுமே இல்லாமல், இந்த ஒரு தொந்தரவுக்காக வந்து, அதில் சர்க்கரை நோய் தெரியவந்தவர்கள் ஏராளம். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் (ஐ.சி.எம்.ஆர்.) நிதியில் நடந்த பெரிய ஆய்வு 2023-இல் வெளிவந்தது. நாட்டில் சுமார் 10 கோடிப் பேருக்குச் சர்க்கரை நோய் இருப்பதாகவும், தமிழ்நாட்டில் பெரியவர்களில் 14.4 சதவீதம் பேருக்கு இருப்பதாகவும் அது சொல்கிறது. அதாவது ஏழு பேரில் ஒருவர். உங்கள் வயதில் ஒருவர் "எனக்கு இருக்காது" என்று நினைத்து விட்டுவிடக்கூடிய எண்ணிக்கை இல்லை இது.

சர்க்கரைக்கும் முன்தோலுக்கும் என்ன சம்பந்தம்? ரத்தத்தில் சர்க்கரை சுமார் 180-ஐத் தாண்டினால் சிறுநீரகத்தால் அதைப் பிடித்து வைக்க முடியாது, சிறுநீரில் இறங்கும். சிறுநீர் கழித்தபின் கடைசிச் சொட்டு முன்தோலுக்குள் தங்கும். இனிப்பும் ஈரமும் கதகதப்பும் ஒரே இடத்தில். கேண்டிடா என்ற பூஞ்சை சாதாரணமாகவே நம் தோலிலும் குடலிலும் கொஞ்சம் இருப்பதுதான். இந்த இடம் கிடைத்தால் பெருகிவிடும். அதோடு, சர்க்கரை கூடியிருக்கும்போது கிருமியை எதிர்க்கும் வெள்ளணுக்களின் வேலையும் மந்தமாகிறது. மொட்டின் (ஆண்குறியின் தலைப்பகுதி) மேல் சிவப்புப் புள்ளிகள், வெள்ளையாகத் திரிந்த படலம், அரிப்பு, சிறுநீர் பட்டால் காந்தல், இதெல்லாம் அதன் அடையாளங்கள்.

நீங்கள் சொன்ன கீறலைப் பற்றிக் கொஞ்சம் விளக்க வேண்டும். சர்க்கரையால் இந்தப் புண் வந்தவர்களின் முன்தோலை மெதுவாக விரித்துப் பார்த்தால், நுனி விளிம்பைச் சுற்றி, சைக்கிள் சக்கரத்தின் கம்பிகள் மாதிரி, நடுவிலிருந்து வெளிப்பக்கமாக ஓடும் மெல்லிய வெடிப்புகள் தெரியும். சில நேரம் நாலு, சில நேரம் எட்டு. ஒவ்வொன்றும் ஒரு நூல் அகலம்தான், ஆனால் தாம்பத்தியத்தின்போது விரிந்தால் ரத்தம் கசியும். அந்த வெடிப்பு ஆறும்போது அங்கே தழும்பு விழுகிறது. தழும்புக்கு நல்ல தோலின் இழுவை கிடையாது. அதனால் வாய் ஒரு சுற்று சிறுத்துவிடுகிறது. சிறுத்த வாயைத் தள்ளும்போது மறுபடி வெடிக்கிறது, மறுபடி தழும்பு. உங்கள் எட்டு மாதக் கதை பெரும்பாலும் இதுதான் என்று நினைக்கிறேன். உங்களுக்கு இறுக்கம் பின்னால் வந்திருக்கிறது. புண் முதலில் வந்திருக்கிறது. அந்த வரிசை முக்கியம்.

அதனால் நாளைக்கே வெறும் வயிற்றிலும், சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்தும் ரத்தம் கொடுங்கள். முடிந்தால் மூன்று மாதச் சராசரி சர்க்கரையைக் காட்டும் எச்.பி.ஏ.1.சி.யும் பாருங்கள். வெறும் வயிற்றில் 126 அல்லது அதற்கு மேல், ஏ.1.சி. 6.5 அல்லது அதற்கு மேல் என்றால் சர்க்கரை நோய். அறிகுறி இல்லாதவருக்கு இன்னொரு முறை பார்த்து உறுதி செய்துகொள்வது முறை. ரத்தசோகை இருந்தால் ஏ.1.சி. கணக்கு தப்பலாம், அதை டாக்டரிடம் சொல்லிவிடுங்கள். வசதி இல்லை என்றால் ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே சர்க்கரை பார்ப்பார்கள், காசு கிடையாது.

இதைப் படிக்கும் மற்றவர்களுக்காக ஒன்று. சர்க்கரைக்கு ஏற்கெனவே மாத்திரை சாப்பிடுகிறவர்கள் அந்த அட்டையின் பின்பக்கத்தைப் பாருங்கள். டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின், கானாகிளிஃப்ளோசின் என்று ஏதாவது இருக்கிறதா? தனியாகவும் இருக்கும், மெட்ஃபார்மினோடு சேர்ந்தும் இருக்கும். இந்த மாத்திரைகள் வேலை செய்யும் விதமே ரத்தத்திலுள்ள சர்க்கரையைச் சிறுநீரில் தள்ளிவிடுவதுதான். ஆகவே ஏ.1.சி. நன்றாக இருந்தாலும் சிறுநீர் இனிப்பாகத்தான் இருக்கும், முன்தோலுக்குள் பூஞ்சை வர வழி இருக்கும். டாபாகிளிஃப்ளோசின் சோதனைகளில் அதைச் சாப்பிட்ட ஆண்களில் நூற்றுக்குச் சுமார் மூன்று பேருக்கு இந்தத் தொந்தரவு வந்தது. ஒப்பிட்டுப் பார்க்க மருந்தில்லாத வெற்று மாத்திரை சாப்பிட்டவர்களில் ஆயிரத்துக்கு மூன்று பேருக்குத்தான். 2020 அக்டோபரில் இந்தியாவில் காப்புரிமை முடிந்து விலை இறங்கியதிலிருந்து ஊர் ஊராக எழுதப்படுகிற மருந்து இது. இதய பலவீனத்துக்கும் சிறுநீரகப் பாதிப்புக்கும்கூடக் கொடுக்கிறார்கள், சர்க்கரை இல்லாதவர்களுக்கும். இதை எழுதிக்கொடுக்கும்போது "குளிக்கும்போது அந்த இடத்தை அலசித் துடையுங்கள், அரிப்பு வந்தால் சொல்லுங்கள்" என்று ஒரு வார்த்தை சொன்னால் பாதிப் பேர் என்னிடம் வரவே மாட்டார்கள். அந்த ஒரு வார்த்தைக்கு நேரமில்லாமல் போவது எனக்கு உண்மையிலேயே வருத்தம்.

ஆனால் இதைப் படித்துவிட்டு மாத்திரையை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். இதயத்தையும் சிறுநீரகத்தையும் காக்கும் நல்ல மருந்து அது. பெரும்பாலானவர்களுக்கு மாத்திரையைத் தொடர்ந்தபடியே பூஞ்சைக்கு மருந்து போட்டால் சரியாகிவிடும். திரும்பத் திரும்ப வந்தால் மட்டும் எழுதிக்கொடுத்த டாக்டரிடம் வேறு மருந்துக்கு மாறலாமா என்று கேளுங்கள். பெயரில் குழப்பமும் வேண்டாம்: ஆஃப்ளாக்சசின், நார்ஃப்ளாக்சசின் எல்லாம் ஆன்டிபயாடிக், இதில் சேராது.

சரி, அந்த ஆயின்மென்டுக்கு வருவோம். பெயரை எழுதவில்லை நீங்கள். நம் ஊர் மெடிக்கல் ஷாப்பில் "அந்த இடத்தில் அரிப்பு" என்று சொன்னால் பெரும்பாலும் கிடைப்பது கூட்டு மருந்து ட்யூப். பொடி எழுத்தில் உள்ள பட்டியலைப் படித்தால் பூஞ்சைக்கு ஒன்று, பாக்டீரியாவுக்கு ஒன்று, கூடவே க்ளோபெட்டசோல் அல்லது பீட்டாமெத்தசோன் என்று ஒரு ஸ்டீராய்டு இருக்கும். நாலைந்து நாளில் சிவப்பு மறைவது அந்த ஸ்டீராய்டால். அரிப்பையும் சிவப்பையும் அது அமுக்கிவிடும். உள்ளே பூஞ்சை போயிருக்காது, சில சமயம் இன்னும் பெருகவும் செய்யும். நிறுத்தியதும் முழு வேகத்தில் திரும்ப வரும். மாதக்கணக்கில் போட்டால் மெல்லிய தோல் இன்னும் மெலிந்து, லேசாக உரசினாலே கிழியும். 2018-இல் மத்திய அரசு 14 வகை ஸ்டீராய்டு பூச்சு மருந்துகளை டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கக்கூடாத பட்டியலில் சேர்த்தது. இன்னும் கேட்டால் கொடுத்துவிடுகிறார்கள் என்பது உங்களுக்கே தெரியும். ட்யூபைத் தூக்கிப் போடாதீர்கள். டாக்டரிடம் போகும்போது கையோடு கொண்டு போங்கள். என்ன போட்டீர்கள் என்பது தெரிந்தால் தோலில் தெரிவதைச் சரியாகப் படிக்க முடியும்.

பூஞ்சைதான் என்றால் வைத்தியம் எளிது. க்ளோட்ரிமசோல் 1 சதவீதம் மட்டும் உள்ள க்ரீம், காலை மாலை, மொட்டிலும் முன்தோலின் உட்பக்கமும், ஒன்றிலிருந்து இரண்டு வாரம். அறிகுறி போனதும் மறுநாளே நிறுத்தக்கூடாது. அதிகமாக இருந்தால் ஃப்ளூகோனசோல் 150 மில்லிகிராம் ஒரு மாத்திரை கொடுப்போம். சர்க்கரைக்கு க்ளிமிபிரைடு சாப்பிடுகிறவர்கள், ரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் சாப்பிடுகிறவர்கள் இந்த மாத்திரையைத் தாங்களாக வாங்கி விழுங்கக்கூடாது. முதலாவதில் சர்க்கரை படீரென இறங்கலாம், இரண்டாவதில் ரத்தக்கசிவு ஏற்படலாம்.

கழுவுவதைப் பற்றிப் பேசாமல் விட முடியாது. இதில் இரண்டு எல்லைக்கும் போகிறவர்களைப் பார்க்கிறேன். ஒரு சாரார் தோலைத் தள்ளியே கழுவுவதில்லை. இன்னொரு சாரார் பயந்துபோய் சோப்பு, டெட்டால், வேப்பிலைத் தண்ணீர், படிகாரம் என்று ஒரு நாளைக்கு மூன்று முறை தேய்க்கிறார்கள். இரண்டாவது வகையில் பலருக்குக் கிருமியே இருக்காது, சோப்பும் டெட்டாலும் கொடுத்த எரிச்சல்தான் நோய். வெறும் தண்ணீர் போதும். வலிக்காத அளவுக்கு மட்டும் தோலைத் தள்ளி, அலசி, மெல்லிய துணியால் ஒற்றி ஈரம் எடுத்து, மறக்காமல் தோலை முன்னால் கொண்டுவந்து விடுங்கள். சிறுநீர் கழித்த பிறகும் அதேபோல் ஒற்றி எடுப்பது நல்லது. எண்ணெய் போடலாமா என்று கேட்பார்கள். ஆறின தோலில் கொஞ்சம் தேங்காய் எண்ணெயோ வாசலினோ போடுவதில் தப்பில்லை. ஆனால் இவையும், நான் சொன்ன க்ளோட்ரிமசோல் க்ரீமும் ரப்பர் ஆணுறையைப் பலவீனமாக்கும் என்பதை நினைவில் வையுங்கள். முக்கியமாக, "தினம் கொஞ்சம் கொஞ்சமாக இழுத்துவிட்டால் தளர்ந்துவிடும்" என்று இணையத்தில் படித்துவிட்டு வெடிப்பு இருக்கும்போது இழுக்காதீர்கள். புதுத் தழும்புதான் மிச்சமாகும்.

இப்போது உங்கள் முதல் கேள்வி. கேண்டிடாவைப் பால்வினை நோய் என்று வகைப்படுத்துவதில்லை. யாரிடமும் போகாதவருக்கும் வரும், மனைவியை இழந்து பத்து வருடம் ஆனவருக்கும் வரும். இதை வைத்து மனைவியையோ, மனைவி உங்களையோ சந்தேகப்பட ஒரு முகாந்திரமும் இல்லை. மனைவிக்கு அரிப்போ வெள்ளைப்படுதலோ இருந்தால் இருவரும் சேர்ந்து மருந்து எடுக்க வேண்டும். அவருக்கு ஒன்றும் இல்லாதபோதும் சேர்த்துக் கொடுத்தால் உங்களுக்குத் திரும்ப வராமல் இருக்குமா என்பதில் டாக்டர்களிடையே ஒருமித்த கருத்து இல்லை. நான் வழக்கமாகக் கொடுப்பதில்லை. அதே சமயம், கொப்புளம் கொத்தாக வந்து உடைந்து புண்ணானால் ஹெர்பிஸ், வலியில்லாத ஒற்றைப் புண் என்றால் சிஃபிலிஸ் என்று யோசிக்க வேண்டும், இவை இரண்டும் பால்வினை நோய்கள். உங்களுக்கு மனதில் ஏதாவது உறுத்தல் இருந்தால் டாக்டரிடம் வெளிப்படையாகச் சொல்லி ரத்தப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். எங்கள் துறையில் யாரும் உங்களைத் தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். கூச்சத்தால் லாட்ஜில் முகாம் போடும் வைத்தியர்களிடம் போய் ஆயிரக்கணக்கில் செலவழித்த பிறகு வருபவர்களைப் பார்த்தால்தான் மனசு கேட்காது.

சர்க்கரையும் சரியாக இருக்கிறது, பூஞ்சை மருந்தும் கேட்கவில்லை என்றால்? அப்போது மனதில் வைக்க வேண்டியது லைக்கன் ஸ்கிளிரோசஸ் என்ற தோல் நோய். தோல் சிவப்பாக இருப்பதற்குப் பதில் வெளுத்து, மெலிந்து, சுருக்கம் விழுந்து பளபளக்கும். ஆங்காங்கே ரத்தப் புள்ளி தெரியும். முன்தோலின் வாய் வெள்ளை வளையமாக இறுகும். நோய் முற்றினால் சிறுநீர்த் துவாரமும் சுருங்கி, நீர் மெல்லிசாகவோ இரண்டாகப் பிரிந்தோ போகும். இது தொற்று கிடையாது, யாருக்கும் பரவாது. ஏன் வருகிறது என்பது முழுதாகத் தெளிவாகவில்லை. பிறந்தவுடனே முன்தோல் நீக்கப்பட்டவர்களுக்கு இது அபூர்வமாகத்தான் வருகிறது என்பதால், முன்தோலுக்குள் தங்கும் சிறுநீர்தான் தூண்டுகிறது என்று பலர் நம்புகிறார்கள். நியாயமான ஊகமாகவே எனக்கும் படுகிறது, ஆனால் ஊகம்தான். இதற்கு மருந்து, மேலே நான் வேண்டாம் என்ற அதே க்ளோபெட்டசோல்: 0.05 சதவீதம், கூட்டு மருந்து இல்லாமல், நாளைக்கு ஒரு முறை, ஒன்றிலிருந்து மூன்று மாதம், டாக்டர் கண்காணிப்பில். பூஞ்சையில் கெடுதல் செய்வது இங்கே இறுக்கத்தையே தளர்த்திவிடுவதுண்டு. அதனால்தான் பெயர் தெரியாமல் மருந்து போடாதீர்கள் என்று இவ்வளவு சொல்கிறேன்.

வேறு சில காரணங்களும் உண்டு. காய்ச்சல் மாத்திரை, வலி மாத்திரை, வயிற்றுப்போக்கு மாத்திரை சாப்பிட்ட மறுநாள், ஒவ்வொரு முறையும் அதே இடத்தில் புண் வந்து கருப்பாகத் தழும்பு நிற்கிறது என்றால் அது மாத்திரை ஒவ்வாமை. அபூர்வமாக ஃப்ளூகோனசோலே இப்படிச் செய்யும். மொட்டில் ஒரே இடத்தில் ஈரப் பளபளப்போடு சிவப்புத் திட்டு மாதக்கணக்கில் இருந்தால் அது ஸூன் என்ற வகை அழற்சியாக இருக்கலாம், புற்றுநோயின் முதல் படியாகவும் இருக்கலாம். கண்ணால் மட்டும் பார்த்து இரண்டையும் பிரிப்பது அனுபவஸ்தர்களுக்கும் கடினம், சின்னத் துண்டு எடுத்துப் பரிசோதிக்க வேண்டும். நாலு வாரத்தில் ஆறாத புண், தடிப்பு, தொட்டால் கல்லாகத் தட்டுப்படும் கட்டி, முன்தோலுக்குள்ளிருந்து நாற்றமுள்ள கசிவு, இவற்றில் ஒன்று இருந்தாலும் தள்ளிப்போடக்கூடாது. ஆண்குறிப் புற்றுநோய் அபூர்வம்தான், ஆனால் இறுகிய முன்தோலும் புகையிலையும் அதற்கு வழிவிடுபவை. உள்ளே என்ன நடக்கிறது என்று இறுக்கம் மறைத்துவிடுவதுதான் ஆபத்து.

ராத்திரியோ பகலோ உடனே ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டியவை இரண்டு. தள்ளிய தோல் பின்னாலேயே மாட்டிக்கொண்டு, மொட்டு வீங்கி, முன்னால் வர மறுத்தால் காலை வரை காத்திருக்காதீர்கள். ரத்த ஓட்டம் தடைப்படும். அடுத்தது, சர்க்கரை உள்ளவருக்கு விதைப்பையிலும் ஆசனவாய்ப் பக்கமும் கடும் வலி, வீக்கம், காய்ச்சல் சேர்ந்து வந்தால். ஃபோர்னியர் என்ற சதை அழுகல் நோய் அது. மிக மிக அபூர்வம், ஆனால் சில மணி நேரத்தில் பரவக்கூடியது. நான் முன்னே சொன்ன ஃப்ளோசின் மாத்திரைகளோடு சேர்த்து 2018-இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு இதைப் பற்றி எச்சரித்திருக்கிறது.

கடைசியாக ஆபரேஷன். இறுக்கம் ஆரம்ப நிலையில் இருந்தால், சர்க்கரையைக் கட்டுக்குள் கொண்டுவந்து பூஞ்சையை ஒழித்தாலே பலருக்குத் தோல் தளர்ந்துவிடுகிறது. ஆகவே முதல் மாதத்திலேயே கத்தி வைக்கத் தேவையில்லை. தழும்பு தடித்துவிட்டது, மருந்தை முறையாகப் போட்டும் திரும்ப வருகிறது, சிறுநீர் கழிக்கும்போது முன்தோல் பலூனாக உப்புகிறது, லைக்கன் ஸ்கிளிரோசஸ் மருந்துக்கு அடங்கவில்லை என்றால் முன்தோலை நீக்குவதுதான் நிரந்தரத் தீர்வு. அப்போது நானே யூராலஜிஸ்டிடம் (சிறுநீர்ப் பாதை அறுவை டாக்டர்) அனுப்பிவைப்பேன். மதத்தை நினைத்து இதில் தயங்குகிறவர்கள் உண்டு. எந்த மதத்தவருக்கும் இது ஒரு வைத்தியம்தான். மரப்பு ஊசியில் செய்து அன்றே வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். தாம்பத்தியத்துக்கு நாலிலிருந்து ஆறு வாரம் இடைவெளி விட வேண்டும். சர்க்கரை கட்டுக்குள் இல்லாமல் செய்தால் காயம் ஆறத் தாமதமாகும். "பதினைந்து நிமிடத்தில் ஸ்டேப்ளர்" என்று வரும் விளம்பரங்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. கருவியைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் சர்க்கரை பார்க்காமல், மொட்டை விரித்துப் பார்க்காமல், போனிலேயே தேதி கொடுக்கும் இடத்துக்குப் போகாதீர்கள். எங்கே செய்தாலும், வெட்டிய தோலைப் பயாப்சிக்கு (திசுப் பரிசோதனைக்கு) அனுப்பச் சொல்லி முன்கூட்டியே கேட்டுவிடுங்கள். லைக்கன் ஸ்கிளிரோசஸா, வேறு ஏதாவதா என்பது அந்த ரிப்போர்ட்டில்தான் உறுதியாகும். லைக்கன் ஸ்கிளிரோசஸ் என்று வந்தால் ஆபரேஷனுக்குப் பிறகும் வருடத்துக்கு ஒருமுறை காட்டிக்கொள்ள வேண்டியிருக்கும்.